விமானத்தில் காலி சீட்டு: திரையிலிருந்து தேதி வரை

விமானத்துல ஒரு தடவையாவது ஏறினவங்க இதைக் கவனிச்சிருப்பீங்க. உள்ள நுழைஞ்சதும் முதல்ல அகலமான சீட்டுகள், வரிசைக்கு நாலே பேர். அதுல பல நேரம் பாதி காலியா கிடக்கும். அதைத் தாண்டினா ஒரு திரைச்சீலை. திரைக்குப் பின்னாடி வரிசைக்கு ஆறு பேர், முழங்கால் முன்சீட்டுல இடிக்க, ஒரு சீட்டு காலியில்லாம அடைச்சு வச்சிருப்பாங்க.

முன்னாடி காலி, பின்னாடி நெரிசல். ஏன் இப்படி? "முன்னாடி விலை ஜாஸ்தி, அதான்" அப்படின்னு ஒரே வரியில முடிச்சுடலாம். ஆனா நோண்டிப் பார்த்தா இதுக்குள்ள 90 வருஷத்துக் கதை இருக்கு. அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

"ஏரியூர்ல உக்காந்துகிட்டு ஏம்ப்பா ஏரோப்ளேன் கதை?" அப்படின்னு கேப்பீங்க. எங்க ஊர் பென்னாகரத்தைத் தாண்டி, மேட்டூர் அணைத் தண்ணி தேங்கி நிக்கிற ஓரத்துல இருக்கு. பக்கத்துல நாகமரைக்குப் போனா பண்ணவாடிக்குப் படகு. அந்தப் படகுல முதல் வகுப்பும் கிடையாது, திரையும் கிடையாது. ஆனா இங்க இருந்து பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் வடநாட்டுக்கும் வேலைக்குப் போனவங்க வீட்டுக்கு வீடு இருக்காங்க. அவங்களுக்கு விமான டிக்கெட்டு இப்ப ஆடம்பரம் இல்ல, அவசரத்துக்கு வேண்டிய பொருள். அதனால அந்த டிக்கெட்டுக்கு யார் எப்படி விலை வைக்கிறாங்கங்கிறது எங்க ஊர்க் கதையும்தான்.

முதல்ல கொஞ்சம் ரயில்

வகுப்பு பிரிக்கிற பழக்கத்தை நம்ம நாட்டுக்குள்ள கொண்டு வந்தது ரயில். வெள்ளைக்காரன் காலத்துல ரயில்ல போன 100 பேர்ல 90 பேருக்கு மேல மூன்றாம் வகுப்புதான். முதல் வகுப்பு காத்தாடும், மூன்றாம் வகுப்புல மூச்சு முட்டும். 1917-ல் காந்தி இதைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதினார். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் மேல. அப்படின்னா முதல் வகுப்பு வசதியில ஐந்தில் ஒரு பங்காவது மூன்றாம் வகுப்புக்காரனுக்குக் கிடைக்குதா அப்படிங்கிறதுதான் அவர் கேள்வி. நல்ல கணக்கு வாத்தியார் கேள்வி. 1974-ல் மூன்றாம் வகுப்புங்கிற பெயரை எடுத்துட்டாங்க, எல்லாம் இரண்டாம் வகுப்பு ஆச்சு. கூட்டம் மட்டும் போகல!

ஏழை கொடுக்கிற கட்டணத்துல வண்டி ஓடுது, காலி இடம் பணக்காரனுக்கு. ரயில் நமக்குச் சொன்ன கதை இது. விமானத்துல கதை நேர் எதிரா ஆரம்பிச்சது.

பணக்காரன் மட்டும் பறந்த காலம்

1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சின்ன புஸ் மாத் விமானத்தை ஓட்டிக்கிட்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியா சென்னைக்குக் கொண்டு வந்தார். உள்ள இருந்தது தபால் மூட்டை. அந்தக் காலத்துல விமானத்துக்குச் சோறு போட்டது தபால்தான், பயணி எல்லாம் உபரி.

1948 ஜூன் 8-ல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் 'மலபார் பிரின்சஸ்' விமானத்தை பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியா லண்டனுக்கு அனுப்பினது. பயணிகள் 35 பேர். அந்த விமானத்துல திரை தேவைப்படல. ஏன்னா திரைக்குப் பின்னாடி உக்கார வேண்டிய ஆள் விமானத்துக்குள்ளயே வரல, கப்பல்ல போய்க்கிட்டு இருந்தான்.

திரை எப்ப வந்தது? 1952-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டற விமானங்கள்ல 'டூரிஸ்ட்' வகுப்பு வந்தது. 1958-ல் அதையும் விட மலிவா 'எகானமி' வந்தது. அதே 1958-ல் ஜெட் விமானங்களும் அந்தக் கடலைத் தாண்ட ஆரம்பிச்சாச்சு. பெரிய விமானம், நிறைய சீட்டு. பணக்காரனை மட்டும் வச்சு அத்தனையும் நிரப்ப முடியாது. அதனால மத்தவனையும் கூப்பிட்டாங்க, நடுவுல ஒரு திரையையும் தொங்க விட்டாங்க.

இப்படிக் கூப்பிட்டும் சீட்டு நிறையல. அமெரிக்காவுல உள்நாட்டுக் கட்டணத்தை அரசாங்கமே நிர்ணயிச்ச காலம் அது. விலையில போட்டி போட முடியாதுங்கிறதால சாப்பாட்டுலயும் சொகுசுலயும் போட்டி போட்டாங்க. 1970-களின் ஆரம்பத்துல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன்னோட ஜம்போ விமானத்துக்குள்ள பியானோ வச்சு பாட்டுக் கச்சேரி நடத்தின கதை எல்லாம் உண்டு. நம்ம ஏர் இந்தியாவும் 1971-ல் ஜம்போ வாங்கினப்ப உள்ள ஜன்னலுக்கு ஜன்னல் அரண்மனை மாதிரி அலங்காரம் பண்ணாங்க. ஆனா அமெரிக்காவுல அந்தக் காலத்துல சராசரியா பாதிச் சீட்டுக்குக் கொஞ்சம் மேலதான் நிறைஞ்சது. பியானோ கேக்க ஆள் இல்ல!

ஒரு கணக்கு வந்தது

இங்கதான் கதையில திருப்பம். 1972-ல் இங்கிலாந்தின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்துல வேலை பார்த்த கென் லிட்டில்வுட் ஒரு எளிய கணக்கைச் சொன்னார். புரியறதுக்காக நான் ஒரு உதாரணம் சொல்றேன்.

ஒரு சீட்டு மிச்சம் இருக்குன்னு வைங்க. இன்னிக்கு ஒருத்தர் 2000 ரூபாய்க்குக் கேக்கறார். கடைசி நாள்ல அவசரமா வர்றவர் 6000 கொடுப்பார். ஆனா அவர் வருவாரா, மாட்டாரா? மூணுல ஒரு வாய்ப்புக்கு மேல இருந்தா சீட்டைக் கையில வச்சுக்க. அதுக்குக் கீழ இருந்தா 2000-க்குக் கொடுத்துடு. அவ்வளவுதான். நம்ம ஊர் சந்தையில தக்காளிக் கூடையோட சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கிற அக்காவுக்கு இது மனப்பாடம். லிட்டில்வுட் அதை சூத்திரமா எழுதினார்.

1977-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'சூப்பர் சேவர்' டிக்கெட்டு கொண்டு வந்தது. பல நாள் முன்னாடியே வாங்கினா மலிவு. 1978-ல் அமெரிக்க அரசு கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்தது. அடிமாட்டு விலைக்கு டிக்கெட்டு வித்த 'பீப்பிள் எக்ஸ்பிரஸ்' பெரிய கம்பெனிகளைக் கலங்கடிச்சது. 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்ப்யூட்டரை வச்சு, காலியாப் போகக்கூடிய சீட்டுகளை மட்டும் அதே விலைக்கு வித்தது, மிச்சத்தைப் பழைய விலைக்கே வச்சுக்கிட்டது. அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்குள்ள பீப்பிள் எக்ஸ்பிரஸ் தனிக் கம்பெனியா இல்ல.

என்ன நடந்துச்சுன்னு கவனிங்க. திரை ரெண்டு வகுப்பைப் பிரிச்சது. கம்ப்யூட்டர், திரைக்குப் பின்னாடி இருக்கிற ஒரே வகுப்பை பத்துப் பன்னிரண்டு வகுப்பா பிரிச்சது. ஒரே சீட்டு, ஒரே தண்ணி பாட்டில், ஒரே முழங்கால் வலி. பக்கத்து சீட்டுக்காரர் கொடுத்ததும் நீங்க கொடுத்ததும் வேற வேற. டிக்கெட்டுல ஒரே ஒரு எழுத்துல அது ஒளிஞ்சிருக்கும். புது வகுப்பைத் தீர்மானிக்கிறது சீட்டோட அகலம் இல்ல, நீங்க எந்தத் தேதியில வாங்கினீங்கங்கிறது.

இதோட பலன்? பாதிக்குக் கொஞ்சம் மேல நிறைஞ்ச விமானங்கள் மெல்ல மெல்ல நிறைய ஆரம்பிச்சது. 2024-ல் உலக அளவுல சராசரியா 83.5 சதவீத சீட்டு நிறைஞ்சது, அதுவரைக்கும் இல்லாத உச்சம்.

நம்ம நாட்டுல

1953-ல் தனியார் விமானக் கம்பெனிகளை அரசு எடுத்துக்கிட்டதிலிருந்து 40 வருஷம் உள்நாட்டுல இந்தியன் ஏர்லைன்ஸ் வச்சதுதான் சட்டம். 1990-களின் ஆரம்பத்துல ஈஸ்ட் வெஸ்ட், ஜெட், தமானியா, நம்ம சென்னையோட என்.இ.பி.சி. எல்லாம் வந்தாங்க. பலர் வந்த வேகத்துல போனாங்க. நின்னவங்க, முன்னாடி சீட்டுல உக்காரற கம்பெனி அதிகாரியை நம்பி நின்னாங்க.

2003-ல் கேப்டன் கோபிநாத்தோட ஏர் டெக்கான். 'சூரரைப் போற்று' பார்த்தவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. 48 சீட்டு ஏ.டி.ஆர். விமானம், திரை கிடையாது, சாப்பாடு வேணும்னா காசு. முதல்ல வாங்கினவனுக்கு மலிவு, கடைசியில வாங்கினவனுக்கு ஜாஸ்தி. லிட்டில்வுட் கணக்கு நம்ம ஊர் வெயில்ல இறங்கினது அப்பதான்.

2005 மே மாசம் கிங்ஃபிஷர். ஆரம்பத்துல அதுலயும் ஒரே வகுப்புதான், ஆனா பளபளன்னு. அப்புறம் முதல் வகுப்பு வந்தது. ஏர் டெக்கானை வாங்கி, 2008-ல் 'கிங்ஃபிஷர் ரெட்' ஆக்கினாங்க. ஒரே கம்பெனிக்குள்ள முன்னாடி ராஜா, பின்னாடி ரெட். அதே 2008-ல உலகப் பொருளாதாரம் கவிழ்ந்தது. கவிழும்போது முதல்ல காலியாகிறது முன்சீட்டுதான், ஏன்னா அதுக்குக் காசு கொடுக்கிறது ஆள் இல்ல, ஆபீஸ். முழு விமானத்தையும் பிசினஸ் கிளாஸா ஓட்டின மேக்ஸ்ஜெட், இயோஸ், சில்வர்ஜெட் மூணும் 2007 டிசம்பருக்கும் 2008 மே மாசத்துக்கும் நடுவுல வரிசையா மூடிட்டுப் போனாங்க.

2009 செப்டம்பர் ஞாபகம் இருக்கா? சிக்கன நடவடிக்கைன்னு மத்திய அமைச்சர்களை எகானமியில போகச் சொன்னப்போ, சசி தரூர் ட்விட்டர்ல அதை 'மாட்டு வகுப்பு'ன்னு எழுதி பெரிய ரகளை ஆச்சு. மாடுகளுக்குக் கோவம் வந்துச்சான்னு தெரியல ;-)

2011-ல் கிங்ஃபிஷர், மலிவு விலைச் சேவையே வேண்டாம், முழுச் சேவைதான்னு முடிவு பண்ணது. 2012 அக்டோபர்ல மொத்தமா நின்னுபோச்சு. அந்தப் பக்கம் 2006-ல் ஆரம்பிச்ச இண்டிகோ 180 சீட்டையும் ஒரே வகுப்பா வச்சு நாட்டுலயே பெரிய கம்பெனி ஆயிடுச்சு.

இதுக்கு ஒரு சாட்சி விஸ்தாரா. 2015 ஜனவரியில தொடங்கினப்போ அவங்க விமானத்துல 16 பிசினஸ், 36 பிரீமியம் எகானமி, 96 எகானமி, ஆக 148 சீட்டு. அடுத்த வருஷமே சீட்டைக் கழட்டி மாத்தினாங்க: 8 பிசினஸ், 24 பிரீமியம், 126 எகானமி, ஆக 158. முன்சீட்டு நேர் பாதியாச்சு. திரை ஒவ்வொரு வரிசையா முன்னாடி நகர்ந்ததை இதை விடத் தெளிவா யாரும் காட்ட முடியாது.

அப்ப முன்சீட்டு செத்துப் போச்சா? அதுவும் இல்ல. சர்வதேசப் பயணத்துல 2018 வாக்குல 100-க்கு சுமார் 5 பேர்தான் முன்சீட்டுக்காரங்க. ஆனா கட்டண வருமானத்துல கிட்டத்தட்ட 30 சதவீதம் அவங்க காசு. முன்சீட்டு பாதி காலியா போனாலும் கம்பெனி கவலைப்படாம இருக்கிற ரகசியம் இதுதான். அதனாலதான் திரையே வேண்டாம்னு வளர்ந்த இண்டிகோ, 2024 நவம்பர்ல டெல்லி-மும்பை விமானத்துல 12 அகல சீட்டைப் போட்டு பிசினஸ் வகுப்பை ஆரம்பிச்சது. சுத்திச் சுத்தி அதே இடம்!

நிறைஞ்சா லாபமா?

"விமானம் ஃபுல்லு, அப்ப கொழிக்கிறாங்க"ன்னு டீக்கடையில பேசறோம். அப்படி இல்ல. ஒரு நடைக்கு 5 லட்சம் செலவுன்னு வைங்க (கணக்குக்காகத்தான்). 180 சீட்டும் 2500-க்குப் போனா 4.5 லட்சம், நஷ்டம். 130 சீட்டு சராசரி 4000-க்குப் போனா 5.2 லட்சம், 50 சீட்டு காலியா இருந்தும் லாபம். ஸ்பைஸ்ஜெட் 2015-லிருந்து நாலு வருஷத்துக்கு மேல தொடர்ந்து 90 சதவீதத்துக்கும் அதிகமா சீட்டை நிரப்பினது. ஆனா எண்ணெய் விலை ஏறி ரூபாய் சரிஞ்ச 2018-19-ல் நஷ்டக் கணக்குதான் காட்டினது.

இதை எங்க பக்கத்து சேலம் விமான நிலையத்தை வச்சே பார்க்கலாம். ஓமலூர் கிட்ட காமலாபுரத்துல 1993-ல் திறந்தாங்க. என்.இ.பி.சி. கொஞ்ச நாள் வந்தது, போனது. 2009-ல் கிங்ஃபிஷர் ரெட் வந்தது, கம்பெனி தள்ளாடினப்போ அதுவும் போச்சு. பல வருஷம் ஓடுபாதையில ஆடு மாடு மட்டும் மேயாத குறை.

2018 மார்ச் 25-ல் உடான் திட்டத்துல ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது. உடான்ல ஒரு புதுமை இருக்கு. விமானத்துல பாதிச் சீட்டுக்கு அரசு உச்சவரம்பு விலை வைக்கும். ஒரு மணி நேரப் பறப்புன்னா 2500 ரூபாய்னு அறிவிச்சாங்க, தூரம் குறைஞ்சா வரம்பும் குறையும். மிச்சப் பாதியை கம்பெனி இஷ்டத்துக்கு விக்கலாம். துண்டு விழுந்தா மூணு வருஷத்துக்கு அரசு ஈடு கட்டும். அதாவது ஒரே கேபின்ல கண்ணுக்குத் தெரியாத ரெண்டு வகுப்பு, ஆனா இந்தத் தடவை பிரிச்சது சாமானியனுக்காக.

2021-ல் அதுவும் நின்னுபோச்சு, அடுத்த வருஷம் ட்ரூஜெட்டே பறக்கல. 2023 அக்டோபர்லதான் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் சேலத்துக்கு மறுபடி வந்தாங்க. நாடு முழுக்கவும் இதே கதைதான். 2023-ல் வந்த தணிக்கைத் துறை அறிக்கைப்படி, ஒதுக்கின 774 உடான் வழித்தடங்கள்ல 403 தொடங்கவே இல்ல. தொடங்கின 371-ல் மூணு வருஷத்தை முழுசா முடிச்சது 112. அதையும் தாண்டி 2023 மார்ச் வரைக்கும் நீடிச்சது 54.

கடைசியா வர்றவன் யாரு?

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். லிட்டில்வுட் கணக்குக்குள்ள ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு: கடைசி நேரத்துல வர்றவன் பணக்காரன், ஆபீஸ் காசுல பறக்கிறவன். 1972 லண்டன்ல அது சரி. ஏரியூர்ல?

எங்க தெருப் பையன் ஒருத்தன் டெல்லியில ஓட்டல் அடுப்படியில வேலை. போன வருஷம் அவங்க அப்பா தவறிட்டார். "எடுக்கறதுக்குள்ள வந்துடு சாமி"ன்னு சித்தப்பா போன் பண்ணார். ரயில்ல வந்தா ரெண்டு ராத்திரி ஆயிடும். அன்னிக்குக் காலையில பெங்களூருக்கு அவன் வாங்கின டிக்கெட்டு, மாசச் சம்பளத்துல பாதிக்கு மேல. கூட வேலை பாக்கறவங்க காசு போட்டுக் கொடுத்தாங்க. பக்கத்து சீட்டுல ஒருத்தர் கல்யாணத்துக்குப் போறார், ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கினதால இவன் கொடுத்ததுல நாலுல ஒரு பங்குதான். அவர் மேல தப்பில்ல. கம்பெனியும் சட்டப்படி தப்பு எதுவும் செய்யல. ஆனா கடைசியா வந்த இவன் பணக்காரன்னு முடிவு பண்ணது யாரு?

கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம், சாவுக்குக் குறிக்க முடியுமா? திரை இருந்த காலத்துல ஏழை எந்தப் பக்கம்னு கண்ணுக்குத் தெரிஞ்சது. இப்ப தேதிதான் திரை. அதுல அவசரப்பட்டவன் எல்லாம் 'முன்சீட்டுக்காரன்' கணக்குல விழறான், சீட்டு மட்டும் பின்னாடியே.

இதுக்கு வழியே இல்லையா? கனடாவுல சில கம்பெனிகள் துக்கத்துக்குப் போறவங்களுக்குன்னு தனிக் கட்டணம் வச்சிருக்காங்க. அதைப் பத்தித் தப்பான தகவல் சொன்ன ஏர் கனடாவோட சாட்பாட்டுக்காக 2024-ல் கம்பெனி ஒரு பயணிக்கு ஈடு கொடுக்க வேண்டி வந்தது. நம்ம அரசும் கை வைக்கத் தெரியாத அரசு இல்ல. கொரோனாவுக்கு அப்புறம் 2020 மே 25-ல் விமானம் மறுபடி ஓடினப்போ, குறைஞ்ச விலை, கூடுன விலை ரெண்டும் அரசு வச்சது. 40 சதவீத சீட்டை அதுக்கு நடுவுல இருக்கிற விலைக்குக் கீழதான் விக்கணும்னு சொன்னது. 2022 ஆகஸ்ட் கடைசி வரைக்கும் விலை வரம்பு இருந்தது. 2025 டிசம்பர்ல இண்டிகோ விமானங்கள் ஏராளமா ரத்தாகி டிக்கெட்டு விலை எகிறினப்போ, 500 கிலோமீட்டர் வரை 7500 ரூபாய்னு ஆரம்பிச்சு தூரத்துக்கு ஏத்த மாதிரி வரம்பு போட்டாங்க. பிசினஸ் வகுப்புக்கு வரம்பு கிடையாது. அது நியாயம்தான்.

அதாவது நாடே தவிக்கும்போது தலையிட முடியுது. ஒருத்தன் மட்டும் தவிக்கும்போது?

என் யோசனை ரொம்பச் சின்னது. உடான்ல பாதிச் சீட்டுக்கு வரம்பு வச்சாங்க. அவ்வளவு வேண்டாம். 180 சீட்டுல நாலே நாலு, புறப்படறதுக்கு ஒரு நாள் முன்னாடி வரைக்கும் விக்காம வச்சு, சாவுக்கும் ஆஸ்பத்திரி அவசரத்துக்கும் நடு விலைக்குக் கொடுக்கலாம். ரயில்ல அவசர ஒதுக்கீடுன்னு ஒண்ணு இருக்கிற மாதிரி. யாரும் கேக்கலன்னா கடைசி நாள்ல இஷ்ட விலைக்கு வித்துக்கட்டும். உலக சராசரிப்படி பார்த்தாலே 180-ல் 30 சீட்டு காலியாத்தான் பறக்குது. அதுல நாலு சீட்டால எந்தக் கம்பெனியும் கவிழ்ந்துடாது.

போலிச் சான்றிதழ் கொண்டு வருவாங்கன்னு சிலர் சொல்லுவீங்க. வருவாங்கதான். டிக்கெட்டு வாங்கினவர் பத்து நாளுக்குள்ள சான்று காட்டலன்னா மிச்ச விலையைப் பிடிச்சுக்கலாம். இதை விட நல்ல வழி தோணினா பின்னூட்டத்துல எழுதுங்க. குறிப்பா விமானக் கம்பெனியில வேலை பார்க்கிற பதிவர்கள் யாராவது இருந்தா, அந்த நாலு சீட்டுக் கணக்கு தேறுமான்னு போட்டுப் பார்த்துச் சொல்லுங்க.